சிங்கத்தைக் கண்ட ஊர்: சிங்கப்பூரின் மாயமும் மாந்தரும் பற்றிய விளக்கங்கள்

1822ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சயாம் நாட்டுக்குத் தூது சென்றுகொண்டிருந்த ஜான் கிராஃபர்ட் சிங்கப்பூரில் இறங்கி, ஆற்றை ஒட்டிய மலையொன்றில் ஏறினார். மலாய்க்காரர்கள் அதை ‘புக்கிட் லாராங்கான்’, அதாவது தடைசெய்யப்பட்ட மலை என்றார்கள். செங்கல் அடித்தளங்கள், பழைய பழமரங்கள், உடைந்த மட்பாண்டங்கள் ஆகியவற்றுடன், பழைய சிங்கப்பூரின் அரசன் இஸ்கந்தர் ஷாவின் சமாதி என்று சொல்லப்பட்ட ஓரிடத்தையும் அவர் குறித்துவைத்தார். அதன்மேல் ஓர் எளிய கூரை போடப்பட்டிருந்தது. முஸ்லிம்கள், இந்துக்கள், சீனர்கள் என எல்லோரும் ஒன்றுபோல அங்கே வந்து வணங்கினார்கள் என்று 1828இல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கொடி நட்டு அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. வணங்கியவர்களில் பெரும்பாலோர் நேற்று வந்தவர்கள். யாருடைய முன்னோரும் அல்லாத ஒரு பழைய அரசனிடம் அவர்கள் எதைக் கேட்டார்கள்?

இதற்குள் பெரிய கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. வெவ்வேறு கடற்கரைகளிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து உண்டாக்கிய இந்த நகர-அரசை வடிவமைத்ததில் மாயத்துக்கு என்ன பங்கு? அரசவைப் புலவர், காலனி அதிகாரி, சமூகச் சீர்திருத்தக்காரர், சமூகவியலாளர், நாவலாசிரியர் எனப் பலரும் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். ‘மாயம்’ என்ற சொல் இக்கட்டுரையில் வசதிக்காகவே ஆளப்படுகிறது. கெராமத் எனப்படும் புனித சமாதி வழிபாடு, சாமியாட்டம், ஆவி வழிபாடு, நேர்த்திக்கடன், ஃபெங் சுவே ஆகியவை ஒன்றல்ல. அவற்றைக் கடைப்பிடிப்போர் தங்கள் நம்பிக்கையை அப்படி அழைக்கவும் மாட்டார்கள்.

அரசவையின் விடை

மிகப் பழைய விடை ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று நூலில் இருக்கிறது. இன்று நாம் அறியும் வடிவம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஜான் லெய்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1821இல் லண்டனில் அச்சானது. தமிழ் வாசகர் இந்த நூலை அறிந்துகொள்ளத் தனிக் காரணம் உண்டு. இதில் சிங்கப்பூரின் அரச மரபு ஒரு சோழனிலிருந்து இறங்குகிறது. கலிங்கத்து மன்னன் ராஜா சூலன், அதாவது சோழன், சீனத்தை வெல்லப் படையெடுத்துத் தெமாசெக் (சிங்கப்பூரின் பழைய பெயர்) வரை வருகிறான். சீன அரசன் பல்லுப்போன கிழவர்களையும் துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த மரங்களையும் ஒரு மரக்கலத்தில் ஏற்றி அனுப்புகிறான். புறப்பட்டபோது தாங்கள் இளைஞர்கள், ஊசிகள் இரும்புத்தண்டுகளாக இருந்தன, மரங்கள் விதைகளாக இருந்தன என்று அக்கிழவர்கள் சொல்ல, சீனம் அவ்வளவு தொலைவோ என்று மலைத்துச் சூலன் திரும்பிவிடுகிறான். பின்னர் கண்ணாடிப் பெட்டியில் கடலுக்குள் இறங்கிக் கடல் இளவரசியை மணக்கிறான். அந்த வழியில் வந்தவனே ஸ்ரீ திரி புவானா, அதாவது சாங் நீல உத்தமா. புயலில் தன் மகுடத்தைக் கடலில் எறிந்து கரையேறிய அவன், சிவந்த உடலும் கருத்த தலையும் வெண்மார்பும் கொண்ட விலங்கொன்றைக் கண்டு, அது சிங்கம் என்று கேட்டறிந்து ஊருக்குப் பெயரிட்டான். மரபு இதற்கு 1299 என்று ஆண்டு சொல்கிறது. 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியதன் நினைவு சூலன் கதையில் தங்கியிருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

இதை வரலாறாகக் கொள்ளலாமா என்ற விவாதம் நீண்டது. ஸ்ரீவிஜயத்துக்கும் மலாக்காவுக்கும் இடையே இருந்த சங்கடமான இடைவெளியை மறைக்கவே சிங்கப்பூர் அத்தியாயம் புனையப்பட்டது என்று ஓ. டபிள்யூ. வோல்ட்டர்ஸ் 1970இல் வாதிட்டார். ஆனால் 1984இல் ஜான் மிக்சிக் அதே தடைமலையில், அதாவது இன்றைய ஃபோர்ட் கேனிங் மலையில், தொடங்கிய அகழாய்வு, 14ஆம் நூற்றாண்டில் அங்கே செழிப்பான குடியிருப்பு இருந்ததை உறுதிசெய்தது. 1349இல் எழுதிய சீன வணிகர் வாங் தாயுவானும் தெமாசெக்கைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். மண்வெட்டியால் ஊரை மெய்ப்பிக்கலாம், சிங்கத்தை மெய்ப்பிக்க முடியாது. விவாதம் பெரும்பாலும் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

அங்கே நின்றது ஓர் இழப்பு. அந்த நூலில் மாயம் எதை அளக்கிறது என்பது போதிய அளவு கேட்கப்படவில்லை. பாலெம்பாங்கின் ஆட்சியாளர் டெமாங் லேபார் டாவுனும் ஸ்ரீ திரி புவானாவும் ஓர் உடன்படிக்கை செய்கிறார்கள்: மன்னன் குடிகளை இழிவுபடுத்தமாட்டான், குடிகள் மன்னனுக்குத் துரோகம் செய்யமாட்டார்கள். சிங்கப்பூரில் நிகழும் அற்புதங்கள் பெரும்பாலும் இந்த வாக்கு மீறப்படும்போதே வெடிக்கின்றன. பாசாய் நாட்டிலிருந்து வந்த துன் ஜானா காத்தீப் கண்பார்வையால் ஒரு பாக்குமரத்தைப் பிளக்கிறார். அரசி பார்ப்பதற்காகச் செய்தார் என்று சினந்த மன்னன் அவரைக் கொல்ல ஆணையிடுகிறான். அவர் உடல் மறைந்துபோகிறது. அடுத்து ஊரைத் தாக்குகின்றன வாள்மீன்கள். வாழைத்தண்டுகளால் அரண் கட்டலாம் என்று வழி சொன்ன சிறுவனையும் மன்னன் கொல்லச் செய்கிறான். இறுதியில் தன் மகளை மன்னன் சந்தையில் இழிவுபடுத்தியதால் அமைச்சர் சாங் ரஜுனா தாபா ஜாவாவின் மஜாபாகித் படைக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறார். அவரும் மனைவியும் கல்லாகிறார்கள், நகரம் அழிகிறது. வெளியூர்க்காரர், சிறுவன், அவமானப்பட்ட தந்தை ஆகியோருக்குச் செய்த அநீதி நாட்டைக் கேட்கும் என்பதே இந்த வரிசையின் கணக்கு. அரசைப் புகழ எழுதப்பட்ட நூலே அரசைக் கண்டிக்கும் ஆற்றலை மாயத்திடம் கொடுத்திருக்கிறது. இது வெறும் குலப்பெருமைப் புனைவாக மட்டும் இருந்திருக்க முடியாது என்றே தோன்றுகிறது.

காலனி அதிகாரிகளின் விடை

மலாய் எழுத்தாளர் அப்துல்லா முன்ஷியின் தன்வரலாற்றில் ஒரு காட்சி வருகிறது. தடைமலையில் ஏறச் சொன்ன பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஃபார்க்குவாரிடம், அங்கே ஆவிகளின் முரசொலி கேட்கிறது என்று மலாய்க்காரர்கள் தயங்குகிறார்கள். ஃபார்க்குவார் மலாக்காவிலிருந்து வந்தவர்களை அழைத்துக்கொண்டு மலையில் பீரங்கி ஏற்றுகிறார். 1843இல் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற பெருங்கல்லும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கலிங்க வீரனோடு நடந்த போட்டியில் சாயோங் ஊரில் அடிமையாயிருந்த பாடாங் தூக்கி எறிந்த கல் அது என்று மக்கள் சிலர் நம்பினர். அதில் பொறித்திருந்த எழுத்துகளை இன்றுவரை எவரும் உறுதியாகப் படித்ததில்லை. மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. கல்லை உடைத்தது அறியாமை என்று அப்துல்லா மனம்வெதும்பி எழுதினார். அவருடைய கொள்ளுத்தாத்தா யேமனிலிருந்து நாகூர் வந்து, அங்கே மணமுடித்தவர்.

உடைத்த அதே ஆட்சி பின்னர் சேகரிக்கவும் செய்தது. வால்டர் ஸ்கீட் 1900இல் ‘மலாய் மேஜிக்’ என்ற பெருந்தொகுப்பை வெளியிட்டார். ரிச்சர்ட் வின்ஸ்டெட் 1924இல் கெராமத்களைப் பற்றியும், 1925இல் ‘ஷாமன், சைவா அண்ட் சூஃபி’ நூலிலும் மலாய் மந்திரத்தைப் படிவுகளாகப் பிரித்தார்: அடியில் தொன்மையான ஆவியாட்டம், அதன்மேல் இந்து மந்திரம், அதற்கும் மேலே சூஃபி இஸ்லாம். இவர்களின் உழைப்பு இல்லாவிட்டால் எத்தனையோ மந்திர உச்சாடனங்கள் அழிந்திருக்கும். ஆயினும் இவர்கள் ஆராய்ந்த ‘மந்திரம்’ வயலும் காடும் சார்ந்த மலாய்க்காரருக்கு மட்டும் உரியதாக இருந்தது. துறைமுக நகரத்தில் ஒரே கூரையின்கீழ் மூவினமும் வணங்கியதைக் கிராஃபர்ட் 1822இலேயே பார்த்திருந்தும், அதை விளக்கும் கோட்பாடு எதுவும் உருவாகவில்லை.

காரணத்தை ஊகிக்கலாம். 1822இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டமே மக்களை இனவாரியாகப் பிரித்துச் சூலியா கம்போங், சீனர் கம்போங், கம்போங் கிளாம் என்று இடம் ஒதுக்கியது. ஆய்வும் அந்தக் கோடுகளின் வழியே நடந்தது. தெலுக் ஆயர் சாலையோ வேறு சான்று தந்தது. தமிழ் முஸ்லிம்கள் 1828–1830இல் எழுப்பிய நாகூர் தர்கா, அவர்களின் ‘குச்சுப் பள்ளி’யான அல்-அப்ரார் பள்ளிவாசல், ஃபூஜியன் மக்களின் தியான் ஹொக் கெங் கோயில் மூன்றும் ஒரே வரிசையில், அன்றைய கடற்கரையைப் பார்த்தபடி நின்றன. நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது சிங்கப்பூர் மண்ணை மிதித்தவர் அல்லர். கப்பல் கரைசேர வேண்டும் என்று வேண்டியவர்கள் அவர் நினைவை மட்டும் கொண்டுவந்து கட்டடமாக்கினார்கள். மாசூ என்னும் கடல்தாய்க்குச் சீனர்கள் செய்ததும் அதுவே.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் அச்சாகி இன்று கிடைக்கும் தமிழ் நூல்களில் மிகப் பழையதாகக் கருதப்படும் ‘முனாஜாத்துத் திரட்டு’ (1872) இறைவேண்டல் பாடல்களின் தொகுப்பு. யாழ்ப்பாணம் சதாசிவப் பண்டிதரின் ‘சிங்கை நகர் அந்தாதி’ (1887) டேங்க் ரோடு முருகனைப் பாடுவது. இந்நகரத்துத் தமிழின் முதல் அச்சுக் குரலே வேண்டுதலாக ஒலித்திருக்கிறது. மாயத்தைப் பற்றி எழுதிய காலனி அறிஞர்கள் இவற்றைக் கணக்கில் கொள்ளவில்லை. பிற்கால ஆய்வுகளிலும் இவை இலக்கிய வரலாற்றின் முதல் பத்தியில் பெயர் பெறுவதோடு நின்றுவிடுகின்றன.

சீர்திருத்தக்காரர்களின் விடை

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஒவ்வொரு சமூகத்துக்குள்ளும், ஏறத்தாழ ஒரே குரலில், ஒரு மறுப்பு எழுந்தது. 1906 முதல் 1908 வரை சிங்கப்பூரில் வெளிவந்த ‘அல்-இமாம்’ இதழின் வட்டத்தினர் மார்க்கத்துக்குப் புறம்பான வழக்கங்களைச் சாடினர். லிம் பூன் கெங்கும் அவர் தோழர்களும் கன்பூசிய நெறியை முன்வைத்துச் சீனர்களின் பழஞ்சடங்குகளைக் குறைகூறினர். தமிழரிடையே 1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்ததும், 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியதும், 1935இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கியதும் திருப்புமுனைகள். காவடி, அலகு, தீமிதி, உயிர்ப்பலி ஆகியவை பிற இனத்தார் முன்னே தமிழனைத் தாழ்த்துகின்றன என்பது சீர்திருத்தத் தரப்பின் வாதம். 1952இல் சாரங்கபாணி முன்னின்று நடத்திய தமிழர் திருநாள், சாமியும் சாதியும் நடுவில் வராமல் தமிழர் கூடுவதற்கான மாற்று ஏற்பாடு.

இத்தரப்பின் வலிமை அதன் நியாயத்தில் இருந்தது. கோயில் யாருக்குத் திறக்கிறது, திருவிழாவுக்குப் பணம் யார் கையிலிருந்து போகிறது, பரிவட்டம் யார் தலையில் ஏறுகிறது என்று அது கேட்டது. அருள் என்ற பெயரில் சாதி நடமாடியதை வேறு எவரும் அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை.

பலவீனமும் அதே இடத்தில்தான். முனீஸ்வரன், மதுரை வீரன், காளி ஆகிய தெய்வங்களைக் கொண்டுவந்தவர்கள் துறைமுகத்திலும் தண்டவாளத்திலும் நகராட்சியிலும் கடற்படைத் தளத்திலும் உழைத்தவர்கள். அவர்களின் மரத்தடிக் கோயில்களில் குருக்கள் இல்லை. பூசாரியும் பறையும் சுருட்டும் இருந்தன. சாமி வந்தவர் வாயால் ஒரு கூலியாள் தன் கங்காணியைக்கூடக் கேள்வி கேட்க முடிந்தது. மூடநம்பிக்கை என்று சீர்திருத்தம் முதலில் விலக்கியது இந்தத் தெய்வங்களை. ஆகம முறைதான் தூயது என்று எண்ணிய மேல்தட்டும் இதே தெய்வங்களை விலக்கியது. எதிரெதிர் நோக்கம் கொண்ட இரு தரப்பும் விளைவில் ஒரே பக்கம் நின்றது வருத்தத்துக்குரிய உண்மை.

மாயம் வற்றுகிறதா?

உலகம் தன் மாயத்தை இழந்துவருகிறது என்று மாக்ஸ் வெபர் 1917ஆம் ஆண்டுச் சொற்பொழிவில் சொன்னார். திட்டமிட்டு வளர்ந்த நகர-அரசு என்பதால், அந்தக் கூற்றைச் சோதிக்கச் சிங்கப்பூரைவிட நல்ல களம் இல்லை என்று ஆய்வாளர்கள் எண்ணியதில் வியப்பில்லை. ஆலன் எலியட் 1955இல் சீன ஆவியாடிகளைப் பற்றி எழுதிய நூல், டாங்-கீ எனப்படும் சாமியாடிகள் நகரத்துத் தொழிலாளரின் நோய்க்கும் கடனுக்கும் தனிமைக்கும் எவ்வாறு மருந்தாக இருந்தார்கள் என்பதைப் பொறுமையுடன் பதிவுசெய்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2007இல், டோங் சீ கியோங் வேறொரு நகர்வைக் காட்டினார்: ஆங்கிலக் கல்வி பெற்ற இளைய தலைமுறை சடங்கிலிருந்து கோட்பாட்டுக்கு, தாவோயிசத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கும் சீர்திருந்திய பௌத்தத்துக்கும் போகிறது, அதாவது சமயமே அறிவுமயமாகிறது என்றார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவருக்குத் துணைநிற்பதுபோல் தெரிகிறது. 1980இல் சுமார் 30 விழுக்காட்டினர் தாவோயிசத்தையும் மரபுச் சீன நம்பிக்கையையும் குறிப்பிட்டனர். 2020இல் அது 8.8 விழுக்காடு. சமயம் இல்லை என்றவர்கள் அதே ஆண்டில் 20 விழுக்காடு. ஆனால் இந்த எண்களை நிதானத்துடன் படிக்க வேண்டும். ஒருவர் ஒரு கட்டத்தில் மட்டுமே குறியிட முடியும். பௌத்தர் என்று எழுதிய வீட்டிலும் ஏழாம் மாதத்தில் பசித்த ஆவிகளுக்குக் காகிதம் எரிகிறது, கெத்தாய் எனப்படும் பாட்டுமேடையின் முன்வரிசை நாற்காலிகள் அவற்றுக்காகக் காலியாக விடப்படுகின்றன. முனீஸ்வரனுக்கு விளக்கேற்றும் சீனரைப் பதிவுசெய்ய அந்தப் படிவத்தில் இடமே இல்லை. வெபரின் சட்டகம் வீழ்ச்சியை நன்றாக அளக்கிறது, கலப்பை அளக்க அதற்குக் கருவி இல்லை.

இதற்கு மாற்றாக அண்மையில் வலுப்பெற்றுள்ள பார்வை டெரன் செவேயாவுடையது. 2020இல் வெளிவந்த அவருடைய நூல், மலாயாவின் பாவாங்குகளை, அதாவது மந்திரம் அறிந்த நிபுணர்களை, நெல்லும் ஈயமும் யானைப்பொறியும் துப்பாக்கியும் சார்ந்த தொழில்களின் வல்லுநர்களாகக் காட்டுகிறது. மந்திரம் அங்கே வேலையின் ஒரு பகுதி. இந்தப் பார்வையைத் தண்டவாளத்துத் தமிழ்த் தொழிலாளரின் முனீஸ்வரனுக்குப் பொருத்திப் பார்க்க இடமிருக்கிறது. காட்டைத் திருத்தி, புதைமண்ணில் இரும்புப் பாதை இட்டவர்களுக்குக் காவல்தெய்வமும் ஒரு வேலைக்கருவியாகவே இருந்திருக்கும். எனினும் எல்லா வழிபாட்டையும் பயன்பாடாகச் சுருக்கிவிடும் அபாயம் இதில் உண்டு. பிள்ளைக்காக முதுகில் அலகு ஏற்றுபவரின் கண்ணீரைத் தொழில்நுட்பம் என்று சொன்னால் ஏதோ விடுபடுகிறது.

நிலம் என்னும் விடை

என் மதிப்பீட்டில், மேற்கண்ட எவற்றையும்விடச் சிங்கப்பூருக்கே உரிய விடையைத் தந்தவர்கள் நிலத்தைப் பற்றி எழுதியவர்கள். 1966ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தல் சட்டம் அரசுக்குப் பரந்த அதிகாரம் அளித்தது. புதிய நகரங்களும் விரைவுச்சாலைகளும் வந்தபோது கம்போங் என்னும் சிற்றூர்களோடு அவற்றின் கோயில்களும் சுராவ் எனும் தொழுகைக்கூடங்களும் ஆவிக்குடில்களும் போயின. வழிபாட்டுக்கென ஒதுக்கிய நிலம் பொதுவாக 30 ஆண்டுக் குத்தகைக்கே கிடைக்கிறது. புவியியலாளர் லிலி கோங் 1990களில் எழுதிய கட்டுரைகள், அரசு வழிபாட்டிடத்தை இடம்மாற்றக்கூடிய ஒரு பயன்பாடாகப் பார்த்ததையும், மக்கள் அதை மாற்றமுடியாத புனிதமாக உணர்ந்ததையும் அருகருகே வைத்துக் காட்டின.

வினீதா சின்ஹாவின் முனீஸ்வரன் ஆய்வு (2005) இதை இந்து சமயத்துக்குள் கொண்டுசென்றது. காட்டுக்கோயில்கள் இடிக்கப்பட்டபின் அத்தெய்வம் அடுக்குமாடி வீட்டு மாடத்துக்கும், மரத்தடி மேடைக்கும், தாவோயிசத் தெய்வங்கள் வீற்றிருக்கும் பீடத்துக்கும் குடிபெயர்ந்ததை அவர் ஆவணப்படுத்தினார். ரயில்வே தொழிலாளர் தொடங்கிய குவீன்ஸ்டவுன் முனீஸ்வரன் கோயில் இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கிறது. செம்பவாங் கடற்படைத் தளத் தொழிலாளி ஒருவரின் கனவில் தோன்றியதாகச் சொல்லப்படும் மரத்தடி முருகன், ஈசூன் தொழிற்பேட்டையில் புனிதமரம் பாலசுப்பிரமணியராகப் பங்குனி உத்திரம் காண்கிறான். மரம் போயிற்று, பெயரில் நின்றது.

நெருக்கடி சேர்க்கையையும் உண்டாக்கியது. தனியாக நிலம் வாங்க முடியாத சீனக் கோயில்கள் ஒரே வளாகத்தில் இணைந்தன. லோயாங் கடற்கரையில் 1980களில் கைவிடப்பட்டுக் கிடந்த பல சமயச் சிலைகளுக்கு எழுந்த கூரை, இன்று துவா பெக் கோங்குடன் பிள்ளையாரும் டத்தோ என்னும் மலாய் நிலக்காவலரும் அருள்பாலிக்கும் பெருங்கோயில். வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் இம் கோயிலுக்கு வரும் சீனர்கள் பக்கத்திலுள்ள கிருஷ்ணன் கோயிலிலும் ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். குசு தீவில் மலாய், சீன மாலுமிகளைக் காப்பாற்றிய ஆமையின் கதையைச் சொல்லி, ஒன்பதாம் மாதத்தில் யாத்திரை செல்வோர் கீழே உள்ள சீனக் கோயிலையும் மலைமேலுள்ள மூன்று கெராமத்களையும் வணங்கிவந்தார்கள். 2022 ஏப்ரலில் அந்தக் கெராமத்கள் தீயில் சேதமடைந்தன.

லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவின் சிராங்கூன் சாலை இந்த வாதத்துக்கு ஒரு திருத்தம் சொல்கிறது. ஜப்பானிய விமானங்கள் குண்டுவீசியபோது மக்கள் அடைக்கலம் புகுந்த வீரமாகாளியம்மன் கோயில் அதே இடத்தில் நிற்கிறது. பெருமாள் கோயிலிலிருந்து தைப்பூசக் காவடிகள் டேங்க் ரோட்டுக்கும், தீமிதி பக்தர்கள் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கும் இன்றும் நடக்கிறார்கள். இங்கே நிலம் நிலைத்தது. ஒழுங்குமுறை நேரத்தின்மீதும் ஓசையின்மீதும் விழுந்தது. 1968இல் தைப்பூசம் பொதுவிடுமுறைப் பட்டியலிலிருந்து நீங்கியது. 1973 முதல் ஊர்வலப் பாதையில் இசைக்குத் தடை இருந்தது, 2016இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் அது தளர்ந்தது. இடத்தை மட்டும் அளந்தால் தேக்கா தப்பித்தது என்று தோன்றும். உருமி அடங்கிய சாலையில் காவடி எடுத்த ஒரு தலைமுறையிடம் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

நில விளக்கத்தின் பொதுவான குறை ஒன்று உண்டு. அதில் அரசு செயல்படுகிறது, பக்தர் தாக்குப்பிடிக்கிறார். ஆனால் கிராஃபர்ட் கண்ட கலப்பு வழிபாட்டை எந்த வீடமைப்புத் திட்டமும் உண்டாக்கவில்லை. அயலூரில் இறங்கியவன் அந்த ஊரின் பழைய காவலனிடம் முதலில் அனுமதி கேட்கும் பண்பு அது. சீனர் டத்தோவை வணங்குவதும் அந்தப் பண்பே. இடநெருக்கடி அதைப் புதிய வடிவங்களில் வளர்த்தது, அவ்வளவே.

அரசின் மாயம், மக்களின் வதந்தி, எழுத்தாளரின் நகரம்

அரசும் கற்பனையை ஆண்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்த அமைச்சர் எஸ். ராஜரத்தினம், தேச வரலாற்றை ஆங்கிலேயர் வந்த 1819இல் தொடங்குவதே பல இனங்களுக்கும் பாதுகாப்பு என்று கருதினார். பழம்பெருமைகளைக் கிளறினால் ஒவ்வொரு இனமும் தன் மூதாதையைத் தேடிப் பிரிந்துபோகும் என்பது அவர் அச்சம். மாயம் நிறைந்த ஐந்து நூற்றாண்டுகள் அவ்வாறு ஒதுங்கின. ஆயினும் 1964இல் சுற்றுலாத் துறைக்காக வரையப்பட்ட மெர்லயன், 1972இல் சிலையாகி, மீனுடலும் சிங்கமுகமும் கொண்டு ஆற்றங்கரையில் நின்றது. 2019 ஜனவரியில், ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸின் சிலையருகே சாங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங், நாராயண பிள்ளை ஆகியோருக்கும் சிலைகள் வைக்கப்பட்டன. ராஜரத்தினத்தின் அச்சம் ஆதாரமற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் செஜாரா மெலாயு காட்டும் மூதாதை ஒரே இனத்துக்கு உரியவர் அல்லர் என்பதை அந்த வாதம் கவனிக்கவில்லை.

மக்கள் தங்கள் பங்குக்கு அரசின் கட்டுமானங்களுக்குள் மாயத்தைப் படித்தார்கள். எம்ஆர்டி ரயில் சுரங்கங்கள் தீவின் நல்லோட்டத்தைக் கெடுத்ததாகவும், அதைச் சரிசெய்யவே 1987இல் வந்த ஒரு வெள்ளி நாணயத்தில் எண்கோணம் பொறிக்கப்பட்டதாகவும் பரவிய கதை இன்றும் சொல்லப்படுகிறது. லீ குவான் இயூ அதை அடியோடு மறுத்தார். கதையின் உண்மை இங்கே பொருட்டல்ல. அறிவார்ந்த அரசு என்று உலகம் அறிந்த ஓர் அரசை, அதன் குடிமக்களில் பலர் மந்திரம் அறிந்த அரசாகவும் எண்ண விரும்பினார்கள் என்பதே ஆய்வுக்குரியது.

புனைவிலக்கியம் இந்த இடத்தில்தான் நுழைகிறது. நூராலியா நோராசிதின் ‘தி கேட்கீப்பர்’ (2017) மான்டிகுரா என்ற கற்பனை நாட்டைப் படைக்கிறது. பார்வையால் மனிதரைக் கல்லாக்கும் மெதூசாப் பெண் ரியா, நிலத்தடிக் குடியிருப்பான நெல்ரூட்டில் ஒதுக்கப்பட்டவர்களைக் காக்கிறாள். பல இனப் பிறவிகள் வகைப்படுத்தப்பட்டு வாழும் அந்நாட்டில், சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு கட்டங்களை அறிந்த எவரும் தம் ஊரை அடையாளம் காண்பார்கள். மாயம் இங்கே மீண்டும் நீதியின் அளவுகோலாகிறது. அந்த வகையில் செஜாரா மெலாயுவோடு இதைச் சேர்த்துப் படிப்பது பொருத்தமாகத் தோன்றுகிறது. குறியீடு மிகத் தெளிவாக இருப்பதால் நம்பிக்கையின் உள்ளனுபவம் மங்கிவிடுகிறது என்று சொல்வாரும் இருக்கலாம்.

திறந்திருப்பவை

சில முடிவுகளை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். மாயம் ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனிச் சொத்து என்ற காலனி அனுமானம் 1822இன் சான்றுக்கே நிற்கவில்லை. நவீனம் மாயத்தை அழித்துவிட்டது என்ற கூற்று எண்ணிக்கையில் பாதி உண்மை, நடைமுறையில் அதைவிடக் குறைவு. நிலமும் குத்தகையும் அதன் வடிவத்தை மாற்றின என்பதற்குச் சான்று வலுவானது.

விடை காணாதவை இதைவிட அதிகம். ஒரே பீடத்தில் முனீஸ்வரனும் டத்தோவும் அமரும்போது வணங்குவோர் ஒருவரையொருவர் உண்மையில் அறிகிறார்களா, தெய்வங்கள் மட்டும்தான் அண்டைவீட்டாரா? 1989இல் வந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் இன ஒதுக்கீடு ஒரே நடைபாதையில் தோரணத்தையும் சீனப் பீடத்தையும் எதிரெதிரே வைத்தது. அது வேண்டுதல்களைப் பகிரச் செய்ததா? சாமியாடிய பெண்களின் குரல் ஏன் ஆய்வுகளில் போதிய அளவு தனியாக ஒலிக்கவில்லை? இன்று பங்களாதேஷிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வரும் கட்டுமானத் தொழிலாளர்கள் தங்கும் விடுதிகளுக்குள் எந்தக் காவல்தெய்வங்களைக் கொண்டுவருகிறார்கள்? பழைய கேள்வி அவர்களிடம் புதிதாகத் தொடங்குகிறது.

கெராமத்களைப் பி. ஜே. ரிவர்ஸும் வில்லியம் கிப்சனும் பட்டியலிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். டாங்-கீ மரபைப் பற்றி மார்கரெட் சான் 2006இல் விரிவாக எழுதினார். மறைந்துபோன தமிழ் மரத்தடிக் கோயில்களுக்கு அவ்வளவு முழுமையான ஒரு பட்டியல் தமிழில் வேண்டும். ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய இதழ்கள் தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் படிக்கக் கிடைக்கின்றன. கோயில் விழா அழைப்பிதழ்களும் நன்கொடைப் புத்தகங்களும் இடம்பெயர்ந்த நாளில் எடுத்த படங்களும் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. ரயில்வேயிலும் துறைமுகத்திலும் கடற்படைத் தளத்திலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் அவற்றைக் குப்பையில் போடுவதற்கு முன் நூலகத்திடமோ, ஓர் ஆய்வு மாணவரிடமோ காட்ட வேண்டும். நேரில் பார்த்தவர்களில் பலர் இப்போது அறுபது வயதைக் கடந்திருப்பார்கள்.